கர்ப்பத்தில் சுகர் வந்தால்: சாப்பாடு முதல் பிரசவம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறாம் மாதத்தில் ‘உங்களுக்கு சுகர் இருக்கிறது’ என்று கேட்டுவிட்டு வெளியே வரும் பெண்ணின் மனதில் எழும் கேள்விகளை, ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் கேட்டு முடிக்க முடியாது. மீதியைப் பக்கத்து வீடும் உறவினரும் வாட்ஸ்அப்பும் நிரப்புகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதுவரை சுகரே இருந்ததில்லை. இப்போது ஏன் வந்தது?

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். குழந்தைக்குத் தடையில்லாமல் குளுக்கோஸ் கிடைக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். அவ்வளவு சுரக்க முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வளர வளர இந்தத் தடையும் கூடுவதால், பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகு வெளியே தெரியும்.

அம்மா அப்பாவுக்கு சுகர் இருப்பது, வயது, கர்ப்பத்துக்கு முந்தைய எடை, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), முதல் குழந்தை அதிக எடையோடு பிறந்தது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தெற்காசியர்களுக்குப் பொதுவாகவே வாய்ப்பு அதிகம், ஒல்லியாக இருந்தாலும் வரலாம். ‘நீ ஸ்வீட் தின்றதால்தான் வந்தது’ என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஆசைக்குச் சாப்பிட்ட நாலு லட்டு இந்த நோயைக் கொண்டுவருவதில்லை.

எனக்கு வெறும் வயிற்றில் எடுக்காமலேயே டெஸ்ட் எடுத்தார்கள். என் அக்காவுக்கு மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். எது சரி?

இரண்டும் நடைமுறையில் இருப்பவைதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படும் முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மி.லி. தண்ணீரில் கலந்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார்ப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்த முறைக்குப் பின்னால் இருப்பவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா. ‘நாளைக்கு வெறும் வயிற்றோடு வாங்க’ என்று திருப்பி அனுப்பினால் தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண் மறுபடி வராமலே போகலாம். வந்த அன்றே பார்த்துவிடுவதுதான் இதன் பலம். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூன்று முறை ரத்தம் எடுப்பது உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்றுக்கொண்ட முறை. வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இவற்றில் ஏதாவது ஒன்று எட்டினாலே நோய் உண்டு என்று அர்த்தம். அதனால் ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் வரம்போடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

முதல் செக்கப்பிலேயே ஒரு முறையும், அப்போது நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். ‘மூன்றாம் மாதமே பார்த்தாச்சே’ என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் எடுக்க வேண்டும்.

மூன்று மாத சராசரி டெஸ்ட் நார்மலாக இருக்கிறது. அப்படியானால் சுகர் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுகின்றன, பலருக்கு ரத்தசோகையும் இருக்கிறது. அதனால் எச்.பி.ஏ.1.சி. எனப்படும் இந்த மூன்று மாத சராசரி எண்ணை நம்பி கர்ப்பகால நீரிழிவு இல்லை என்று முடிவு செய்வதில்லை.

குழந்தைக்கு என்ன ஆகும்?

தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிக இன்சுலின் சுரக்கிறது. அதனால் கொழுப்பு சேர்ந்து உடல் பருக்கிறது, குறிப்பாகத் தோளும் வயிறும். பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதனால்தான். பனிக்குட நீர் கூடுவது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவது, பிறந்த பின் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது, மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் ஆகியவையும் வரலாம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இந்த ஆபத்துகள் நன்றாகவே குறைகின்றன. இன்னொரு பயத்தையும் தெளிவாக்கிவிடலாம். குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் மூன்று மாதத்தில். கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருவது. ‘சுகரால் ஊனமாகப் பிறக்குமோ’ என்ற பயம், கர்ப்பத்துக்கு முன்பே சுகர் கட்டுப்பாடில்லாமல் இருந்தவர்கள் விஷயத்தில்தான் பொருந்தும். முதல் மாதங்களிலேயே உங்கள் சுகர் அதிகமாக இருந்திருந்தால், குறைபாடு பார்க்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்? எப்போது பார்க்க வேண்டும்?

வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் எண் தப்பாகிவிடும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரிப் விலைதான் இடிக்கும் என்பது தெரியும். தினமும் நாலு முறை முடியாதென்றால், ஒரு நாள் காலை உணவுக்குப் பின், மறுநாள் மதியத்துக்குப் பின், அதற்கடுத்த நாள் இரவுக்குப் பின் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் இல்லாத சுகரும் காட்டும். எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றும் மருத்துவருக்கு அந்த நோட்டுதான் கண்.

சோறே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். சாப்பிட வேண்டும். சோற்றை அடியோடு நிறுத்திப் பட்டினி கிடக்கும் பெண்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். மாவுச்சத்து மிகவும் குறைந்தால் உடல் கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும். அது குழந்தைக்கு நல்லதில்லை, தாயின் எடையும் ஏறாது.

மாற்ற வேண்டியது தட்டின் அமைப்பை. பாதித் தட்டு காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல் போன்ற புரதம். மீதிக் கால் பங்கில் சோறோ சப்பாத்தியோ. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. சோறு மலைபோல, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. முதலில் காயையும் பருப்பையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள், ஏற்றம் மட்டுப்படும். உருளை, மரவள்ளி, சேனை பொரியலாக வந்தால் அதைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேருங்கள்.

மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரிப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. காலை உணவில் தனிக் கவனம் வேண்டும். அதிகாலையில் உடலின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால், மதியம் ஒன்றும் செய்யாத அதே அளவு மாவுச்சத்து காலையில் எகிற வைக்கும். நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கொய்யாவோ. வெண்பொங்கலும் பூரியும் ஆசைக்கு எப்போதாவது, கொஞ்சமாக, மதிய நேரத்துக்குத் தள்ளிவைத்து.

படுக்கும் முன் சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பாலோ ஒரு பிடி வேர்க்கடலையோ எடுத்துக்கொண்டால் இரவு முழுக்க வயிறு காலியாகக் கிடக்காது.

கேழ்வரகு, கம்பு, கருப்பட்டி எல்லாம் பரவாயில்லையா?

சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் அதிலும் இருப்பது மாவுச்சத்தே. அளவு மீறினால் அரிசியைப் போலவே ஏற்றும். எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சட்டென்று ஏறும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் நான்கும் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்தே வருகிறது, கடைகளில் விற்கும் கர்ப்பிணிகளுக்கான பால் பவுடர் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. இவற்றைத் தொடரலாமா, எவ்வளவு என்று கிராம சுகாதார செவிலியரிடமோ டயட்டீஷியனிடமோ காட்டிக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பழம், ஜூஸ், இளநீர்?

ஜூஸ் வேண்டாம், சர்க்கரை போடாததும் வேண்டாம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்: கொய்யா, ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு துண்டு பப்பாளி (நன்கு பழுத்தது). உணவோடு சேர்க்காமல் இடைவேளையில் சாப்பிடுவது நல்லது. மாம்பழம், பலா, பேரீச்சை, பெரிய வாழைப்பழம் சீக்கிரம் ஏற்றும். இளநீரிலும் சர்க்கரை உண்டு, தாகத்துக்குத் தண்ணீரும் உப்புக் குறைத்த மோரும் போதும்.

வளைகாப்பு வருகிறது. என்ன செய்வது?

ஊரே உங்கள் வாயில் இனிப்பை ஊட்டக் காத்திருக்கும் நாள். வளைகாப்பை ரத்து செய்ய வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒரு பெரியவரிடம், அத்தையோ மாமியாரோ, ‘மூத்தவர் ஒருவர் மட்டும் துளி இனிப்பு ஊட்டட்டும், மற்றவர்கள் வளையலும் சந்தனமும் போதும்’ என்று சொல்லிவைத்தால் அவர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வார். கலவை சாதத்தில் ஐந்து வகையும் ஒவ்வொரு கரண்டி போட்டாலே ஐந்து கரண்டி சோறாகிவிடும். பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் கூட்டும் பச்சடியும் சாப்பிடுங்கள்.

நடக்கலாமா? மாடிப்படி ஏறக் கூடாது என்கிறார்களே?

ரத்தப்போக்கு, கருப்பை வாய் தளர்வு, கீழே இறங்கிய நஞ்சுக்கொடி போன்ற சிக்கல் இருந்து மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்தால் ஓய்வுதான். மற்றவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் எண்ணில் வித்தியாசம் தெரியும்.

இன்சுலின் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போட வேண்டுமாமே?

இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தடையும் போய்விடுகிறது. கர்ப்பகால நீரிழிவுக்காக இன்சுலின் போட்ட பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

பொதுவாக இரண்டு வாரம் உணவாலும் நடையாலும் முயன்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேர எண் 120-க்கு மேலேயே இருந்தால் மருந்து தேவைப்படும். ஆரம்பத்திலேயே எண் மிக அதிகம் என்றால் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதற்கான தண்டனையாக இதைப் பார்க்காதீர்கள். சிலருடைய நஞ்சுக்கொடி அவ்வளவு ஹார்மோன் சுரக்கிறது, எந்த உணவாலும் ஈடுகட்ட முடியாது. இன்சுலின் குழந்தைக்குப் போய்ச்சேர்வதில்லை என்பதால் கர்ப்பத்தில் நெடுங்காலமாக நம்பிப் பயன்படுத்தும் மருந்து இது. மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்குக் கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

ஊசி வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாறவே கூடாது. இந்தியாவில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், சிலவற்றில் 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

வயிற்றில் போடப் பலரும் பயப்படுகிறார்கள். ஊசி தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வரைதான் போகும், குழந்தையைத் தொடாது. மனம் ஒப்பவில்லையென்றால் தொடையில் போடலாம். திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மிதக்காமல் நிற்கும் சிறு பாத்திரத்தில் பாட்டிலை நனையாமல் வைப்பார்கள்.

திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வருகிறது. என்ன செய்வது?

இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கையில் இல்லாவிட்டால்கூட, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் இன்னொரு முறை. சரியானதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். வெளியே போகும்போது பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

கடைசி மாதத்தில் காரணமே இல்லாமல் அடிக்கடி சர்க்கரை இறங்கினாலோ, இன்சுலின் தேவை மளமளவென்று குறைந்தாலோ, ‘சுகர் குணமாகிவிட்டது’ என்று சந்தோஷப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி தளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சுகர் என்றாலே சிசேரியன்தானா?

இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்து குழந்தையின் எடையும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடை எதுவுமில்லை. ஸ்கேனில் எடை 4 கிலோவைத் தாண்டும்போல் தெரிந்தால் இந்திய வழிகாட்டுதலில் சிசேரியனைப் பற்றி யோசிப்பார்கள். ஸ்கேன் சொல்லும் எடை கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரும்பாலும் 39 வாரத்துக்கு முன் அவசரப்பட மாட்டார்கள். உணவாலேயே கட்டுப்பட்டவர்களுக்கு 40 வாரம் வரை தானாக வலி வரக் காத்திருப்பதுண்டு. மருந்து எடுப்பவர்களுக்கு 39-ஆவது வாரத்திலேயே வலி வரவழைப்பது வழக்கம். சர்க்கரை அடங்காமல் இருந்தாலோ ரத்த அழுத்தம் ஏறினாலோ அதற்கும் முன்னால் முடிவெடுப்பார்கள். குறைமாதப் பிரசவம் ஆகும்போல் இருந்து குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால், அடுத்த சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். எதிர்பார்த்ததுதான், தற்காலிகமாக இன்சுலின் கூட்டுவார்கள்.

பிரசவ நாளில் இன்சுலின் போட்டுக்கொண்டு போகட்டுமா?

முந்தைய செக்கப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பொதுவாக வலி வரவழைக்கும் நாளிலோ ஆபரேஷன் நாளிலோ காலை ஊசியை நிறுத்திவைப்பார்கள், ஏனென்றால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். பிரசவ அறையில் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து, தேவையென்றால் டிரிப்பில் இன்சுலின் கொடுப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தில் தாய்க்குச் சர்க்கரை ஏறினால், பிறந்ததும் குழந்தைக்கு இறங்கும், அதனால்தான் இவ்வளவு கவனம். பையில் உங்கள் மீட்டரும், எண்கள் எழுதிய நோட்டும் இருக்கட்டும். டியூட்டி மாறும்போது புதிதாக வருபவரிடம் ‘எனக்கு சுகர் இருக்கிறது’ என்று நீங்களோ கூட இருப்பவரோ சொல்லுங்கள்.

குழந்தைக்கு ஏன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள்? அதற்கும் சுகரா?

குழந்தை நீரிழிவோடு பிறப்பதில்லை. வயிற்றுக்குள் அதிக இன்சுலின் சுரந்து பழகிய குழந்தைக்கு, தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் இன்னும் இருக்கிறது. அதனால் முதல் நாளில் சர்க்கரை கீழே இறங்கலாம். 45-க்குக் கீழே போகிறதா என்று சில முறை பார்ப்பார்கள்.

இதற்கு முதல் மருந்து தாய்ப்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்னால், சீம்பால் கொடுங்கள். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. சிசேரியன் என்றாலும் படுத்தபடியே கொடுக்க நர்ஸ் உதவுவார். சேனை வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். தேன் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தானது, அதோடு பால் குடிக்கும் வேகத்தையும் இவை கெடுக்கும். குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு.

பிரசவம் முடிந்தது. பத்தியம், பிரசவ லேகியம் சாப்பிடலாமா?

பூண்டு, மிளகுக் குழம்பு எல்லாம் தாராளமாக. லேகியத்தில் பாதிக்கு மேல் கருப்பட்டியும் நெய்யும். சர்க்கரை நார்மலுக்குத் திரும்பிவிட்டது என்று தெரியும்வரை தள்ளிவைப்பது நல்லது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் காயை ஒதுக்குவதும் தாய்க்கும் நல்லதில்லை, பாலுக்கும் நல்லதில்லை. தாய்ப்பால் கொடுப்பது உங்களுக்கே பின்னாளில் சுகர் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இப்போது சுகர் நார்மல். இனி டெஸ்ட் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு. அது பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். பிரசவமாகி 6 வாரத்தில், வெறும் வயிற்றில் ஒரு முறையும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் 140-க்குக் கீழே என்றால் நார்மல், 140 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. நார்மல் என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கர்ப்பத்தில் ஒரு செக்கப் விடாமல் வந்தவர்கள்கூட இந்த டெஸ்டுக்கு வருவதில்லை. காரணம் புரிகிறது. அம்மா வீட்டில் இருப்பார்கள், கைக்குழந்தை, தூக்கமில்லை, உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. வீட்டிலுள்ளவர்கள் கவனமும் குழந்தை மேல் போய்விடும். இதற்கு ஒரு வழி உண்டு. குழந்தைக்கு முதல் பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்கான) தடுப்பூசி போடுவதும் அதே 6-ஆவது வாரத்தில்தான். அன்று காலை நீங்கள் வெறும் வயிற்றோடு கிளம்புங்கள், தடுப்பூசிக்கு உட்காரும் நேரத்திலேயே உங்கள் டெஸ்டும் முடிந்துவிடும். இந்தப் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே ‘அம்மாவுக்கு சுகர் டெஸ்ட்’ என்று இன்றே அவர் கையால் எழுதட்டும். அன்று இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவர் கூட வர வேண்டும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. இடையில் கூடிய எடையைக் குறைப்பது உதவும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே ஒரு முறை சர்க்கரை பார்த்துவிடுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையும் அப்போதே தொடங்குங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே ‘போன முறை எனக்கு சுகர் இருந்தது’ என்று சொல்லிவிடுங்கள். மருத்துவமனை மாறியிருந்தால் பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.